கிள்ளான் 1941: சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

தோட்டப் பாட்டாளி ஒருவர் சைக்கிளில் வருகிறார். எதிரே வெள்ளைக்காரத் துரை வருகிறார். உடனே பாட்டாளி இறங்கிவிட வேண்டும். துரை கடந்து போகும் வரை ஓரமாக நிற்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டம் அன்றைய மலாயாத் தோட்டங்களில் நடப்பில் இருந்தது. துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் இதே மரியாதையைக் காட்ட வேண்டியிருந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டம் என்றே பலரும் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். கூலியும் அதில் ஒரு காரணம்தான். ஆனால் பாட்டாளிகளின் கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பார்த்தால், அவர்கள் முதன்மையாகக் கேட்டது மனிதனாக நடத்தப்படும் உரிமையை என்பது விளங்கும்.

கூலியும் கட்டுப்பாடும்

பொருளாதார மந்தத்தின்போது கூலி வெட்டப்பட்டது. 1938இல் மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர்கள் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. இதற்கிடையே ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குத் தேவை கூடியது. சாமான்களின் விலையும் ஏறியது. ஆனால் தமிழரின் கூலி அதற்கு ஈடாக உயரவில்லை.

அதே பால்மரத்தைச் சீவிய சீனத் தொழிலாளர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அவர்களில் பலர் குத்தகை முறையில் வேலை செய்தார்கள். சம்பளம் பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள முடிந்தது. தமிழரின் நிலை அப்படி இல்லை. வீடு தோட்ட நிர்வாகத்தின் லயம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மருந்துக்கொட்டகை, கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்துக்குள். வேலை போனால் மறுநாள் தலைக்கு மேல் கூரையும் போய்விடும்.

என்ன கேட்டார்கள்?

இப்படிப்பட்டவர்களை ஒன்று சேர்த்தது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச்.நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய பத்திரிகைக்காரர். அவரோடு ஒய்.கே.மேனன் போன்றவர்களும் இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம். வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று விரட்டப்பட்ட காலம் அது.

சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, நீண்ட வேலை நேரத்துக்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும் என்றார்கள். தோட்டப் பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்று கேட்டதும் அவர்களே. துரை முன்னால் சைக்கிளில் செல்லும் உரிமையும் அப்பட்டியலில் இடம் பெற்றது.

இவற்றில் பல, நிர்வாகத்துக்கு ஒரு காசுகூடச் செலவு வைக்காதவை. ஆனாலும் தோட்ட முதலாளிகளை அதிகம் கலங்க வைத்தவை அவைதாம். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் தோட்டத்தின் ஒழுங்கு மாறாது. எதிரே வரும் கூலியாள் சைக்கிளை விட்டு இறங்காவிட்டால் மாறிவிடும்.

மே மாதம்

ஏப்ரலில் சிறிய கூலி உயர்வு கிடைத்தது. பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரித் தோட்டம் தோட்டமாகப் பால்வெட்டு நின்றது. சிலாங்கூரின் பல பகுதிகளுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. அரசாங்கம் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து பாட்டாளிகள் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆனால் ஏழு மாதங்களுக்குள், 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அசைக்க முடியாதவர்கள் என்று பெயர் பெற்ற துரைமார் தோட்டங்களைப் போட்டுவிட்டு ஓடியதை அதே பாட்டாளிகள் கண்ணால் பார்த்தார்கள். போருக்குப் பின் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வேரூன்றின. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கிள்ளானில் கேட்டவற்றுள் பல, பின்னாளில் சட்டமாகவும் வழக்கமாகவும் ஆயின.

உரிமைக்காகப் பேசுகிறவரைத் தனியாகப் பிரித்து அப்புறப்படுத்திவிட்டால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள் என்பது அதிகாரத்தின் பழைய கணக்கு. கிள்ளானில் அந்தக் கணக்கு பிசகியது. கிடைத்த கூலி உயர்வோடு அந்தப் பாட்டாளிகள் லயத்துக்குள் இருந்திருக்கலாம். மே மாதத்தில் அவர்களை மீண்டும் வெளியே வரவழைத்தது காசு அல்ல. தங்களுக்காகப் பேசிய ஒருவரைக் கைவிடக் கூடாது என்ற எண்ணம். ஐந்து உயிர்களின் விலை கொடுத்து அவர்கள் காத்தது அந்த நன்றியைத்தான்.