தென்னந்தோப்பிலிருந்து கடற்காற்று வரை

இந்தியத் தொலையுணர்வுத் துறை தென்னந்தோப்பில் பிறந்தது. 1970 வாக்கில் கேரளத்துத் தென்னைகளை வேர்வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. அறிவியலாளர் பி. ஆர். பிஷரோட்டி தலைமையிலான குழு ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருள் ஏற்றிய ஹாசல்பிளாட் கேமராவால் தோப்புகளைப் படமெடுத்தது. நலமுள்ள ஓலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். படச்சுருளில் அது சிவப்பாகப் பதியும். நோய்கண்ட மரத்தில் அந்தச் சிவப்பு மங்கியிருக்கும். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியாத நோயும் படத்தில் அகப்பட்டது.

பின்வந்த திட்டங்களும் இதே போக்கில் சென்றன: எங்கே என்ன விளைகிறது, காடு எவ்வளவு மிச்சம், நீர் எங்கே நிற்கிறது. சோவியத் ராக்கெட்டில் 1979-இல் சென்ற பாஸ்கரா-1 செயற்கைக்கோள் ஒத்திகை. 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ, 904 கி.மீ. உயரத்தில் சுற்றி, 22 நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தின்மேல் வந்தது. பயிர்ப்பரப்பைக் கணக்கிட அது போதும்.

காலநிலை அப்படி விடாது. கடல் சூடேறுகிறதா, பருவக்காற்று தடம் மாறுகிறதா என்று சொல்ல, ஒரே அளவைப் பல பத்தாண்டுகள் இடையறாமல் எடுத்தாக வேண்டும். பழைய கருவி ஓயும் முன்பே புதியது மேலே சென்று, இரண்டும் சிலகாலம் சேர்ந்து அளந்தால்தான் எண்களை நம்பி ஒப்பிட முடியும். இந்தியத் திட்டமிடல் இடறியது இங்கேதான்.

2009 செப்டம்பரில் சென்ற ஓஷன்சாட்-2, சிதறல்மானி என்ற கருவியால் கடலை நோக்கி ரேடியோ அலையை வீசி, காற்று கிளப்பும் சிற்றலைகள் அதை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணித்தது. 2014 தொடக்கத்தில் அந்தச் சிதறல்மானி செயலிழந்தது. பிற செயற்கைக்கோள்களில் மிஞ்சிய உதிரிபாகங்களையும் சேர்த்துக் கட்டிய ஸ்காட்சாட்-1, 2016 செப்டம்பர் 26 அன்றுதான் கிளம்பியது; நடுவே இரண்டரை ஆண்டு வெற்றிடம். அவசரத்துக்கு நல்ல கைவேலை. தொலைநோக்குத் திட்டம் என்று சொல்வதற்கில்லை. வெப்பமண்டல மழையை அளக்கப் பிரான்சுடன் சேர்ந்து 2011-இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸிலும் 'மெட்ராஸ்' என்று பெயரிட்ட முதன்மைக் கருவி 2013-இலேயே நின்றுபோனது.

இதற்கிடையே, 2012-இல், காலநிலை, சுற்றுச்சூழல் ஆய்வுகளுக்கான தேசியத் தகவல் அமைப்பு தொடங்கப்பட்டது. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையத்திலிருந்து இயங்கும் அது, வேறு வேலைக்கு அனுப்பிய செயற்கைக்கோள்களின் தரவுகளையும் திரட்டி நெடுங்காலப் பதிவுகளாக்குகிறது. ஆனால் அளக்காத மாதங்களை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. ஸ்காட்சாட்-1 2021 பிப்ரவரியில் ஓய்ந்தது. அடுத்த சிதறல்மானியுடன் ஓஷன்சாட்-3 புறப்பட்டது 2022 நவம்பர் 26 அன்று.