மாறாத முகவரியின் சரித்திரம்

தொலைபேசிக்கு எண் இடும் வழக்கம் நோயைக் குறித்த பயத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து லோவெல் நகரில் 1879-ஆம் ஆண்டு தட்டம்மை பரவியபோது, மோஸஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியருக்கு நோயாளிகளைப் பற்றிய கவலையோடு எக்ஸ்சேஞ்சைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அந்நாளில் வேண்டியவரைப் பெயர் சொல்லியே கேட்பார்கள். இருநூறுக்கு மேற்பட்ட சந்தாதாரர்களுள் இன்னாருடைய கம்பி பலகையில் இன்ன இடத்தில் வந்து முடிகிறது என்ற விவரம் அங்கே வேலை பார்த்த நான்கு ஆபரேட்டர்களின் ஞாபகத்திலேயே இருந்தது. அந்நால்வரும் ஒருசேரப் படுத்துவிட்டால் ஊரின் சம்பாஷணையே நின்றுபோகும் என்று கண்ட பார்க்கர், சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் புதிதாக வந்து உட்காருகிற எவரும் அந்த வேலையைச் செய்துவிடலாம் என்று யோசனை கூறினார், அது ஏற்கவும்பட்டது.

தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் பேட்டண்ட் பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜரைத் தொலைபேசிச் சரித்திரம் கொண்டாடுகிறது, அது தகும். ஆயினும் ஒரு பணியை அதைச் செய்யும் ஆளிடமிருந்து பிரித்து, எந்த ஆள் வந்தாலும் தடையின்றி நடக்கும்படி அமைத்த லோவெல் வைத்தியரையும் அவருக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்று இணையத் தொலைபேசியில் பல சர்வர்களுக்கு முன்னால், எந்த ஒன்றோடும் ஒட்டாத ஒரே மெய்நிகர் ஐபி முகவரியை நிறுத்துகிறவர்கள் அவருடைய வம்சத்தவர்கள்.

பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சாஸ்திரம் வேறோர் ஊரில் உருவாயிற்று. 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்னும் கணித நிபுணர், அழைக்கிறவர்கள் எந்த நிமிஷத்தில் அழைப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாவிட்டாலும் அவர்கள் கூட்டமாக நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒரு விதி உண்டு என்று 1909-இல் எழுதினார். எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை கம்பிகள் இருந்தால் திருப்பி அனுப்பப்படுவோர் எத்தனை பேர் என்று கணக்கிடும் சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். அந்தச் சூத்திரத்தின்படி, சராசரியாக ஒரே நேரத்தில் ஐந்து சம்பாஷணைகள் நடக்கக்கூடிய ஒரு பிரிவில், நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ஏமாறாதிருக்க 11 கம்பிகள் வேண்டும். அத்தகைய பிரிவுகள் இரண்டைத் தனித்தனியே வைத்தால் 22 கம்பிகள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவாக்கினால் 18 போதும். மிச்சமாகும் அந்த நான்கு கம்பிகளில்தான், ஓர் எண்ணுக்குப் பின்னால் பலரை நிறுத்துவதன் லாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரிய வியாபார ஸ்தாபனங்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, காலியாக உள்ள கம்பியை இயந்திரமே தேடிப் பிடிக்கும்படி எக்ஸ்சேஞ்சுகளை அமைத்ததும் இந்த லாபத்தை உத்தேசித்தே.

தொலைபேசி கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை இணையம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஏனெனில் அங்கே ஐபி முகவரி இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டே பிறந்தது, இயந்திரம் விழுந்தால் முகவரியும் விழுந்தது. 1998 ஏப்ரலில் வெளியான விஆர்ஆர்பி என்ற நியமம் அந்தப் பந்தத்தை அறுத்தது. அதன்படி முகவரியைத் தாங்கும் இயந்திரம் விநாடிக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதை அறிவிக்கிறது. மூன்று விநாடிக்குச் சற்று அதிகமாக அந்த அறிவிப்பு வராவிட்டால், காத்திருக்கும் இயந்திரம் அதே முகவரியை எடுத்துக்கொள்கிறது. அடுத்த மாதமே சீன தேசத்து வென்சாங் ஜாங், லினக்ஸில் ஒரு முகவரிக்கு வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரைத் தொடங்கினார்.

இணையத் தொலைபேசிக்கான சிப் நியமம் 1999-இல் வந்து, 2002-இல் திருந்திய வடிவம் பெற்றது. வலைப்பக்கத்துக்குப் போதுமாயிருந்த ஏற்பாடு இதற்குப் போதவில்லை. பக்கத்தைக் கேட்டவன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். தொலைபேசி அழைப்போ, தொடங்கும் செய்திக்கும் முடிக்கும் செய்திக்கும் இடையே ஒரு மணி நேரம் நீளக்கூடியது. அழைப்பின் நிலையை ஞாபகத்தில் வைத்து வேலை செய்யும் சர்வர்களாயின், இரண்டும் வேறு வேறு சர்வர்களிடம் போனால், பின்னதைப் பெற்ற சர்வருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே ஒவ்வொரு அழைப்போடும் வரும் கால்-ஐடியைக் கொண்டு சர்வரைத் தீர்மானிக்கும் முறை எழுந்தது. பெர்லினில் பிறந்த சிப் எக்ஸ்பிரஸ் ரூட்டரின் மரபில் 2008-இல் கிளைத்த கமைலியோ, ஓபன்சிப்ஸ் ஆகிய இரண்டும் இவ்வேலையைப் பெரிய அளவில் செய்து வருகின்றன.

இதை அமைக்கிறவர்களின் பாடு நுணுக்கமானது. தொலைபேசி மெய்நிகர் முகவரிக்குச் செய்தி அனுப்ப, சர்வர் தன் சொந்த முகவரியிலிருந்து பதில் எழுதினால், பல வீட்டு ரூட்டர்கள் அந்தப் பதிலை அந்நியனுடையது என்று தள்ளிவிடும், மணி அடிக்காது. காத்திருக்கும் இயந்திரத்திலும் ஒரு சங்கடம் உண்டு: இன்னும் தன்னிடம் வந்துசேராத முகவரியில் சிப் சர்வர் கேட்க முற்பட்டால் லினக்ஸ் மறுத்துவிடும், ஐபி-நான்லோக்கல்-பைண்ட் என்ற அமைப்பை 1 என்று மாற்றிய பிறகே அது இணங்கும்.

பேசுகிறவர்களின் குரல் மட்டும் பெரும்பாலும் இந்த முகவரி வழியே வருவதில்லை. இடையில் குரலைத் தாங்கிச் செல்லும் சர்வர் ஏதும் இல்லாவிடில், அது ஆர்டிபி பாக்கெட்டுகளாக இரு தொலைபேசிகளுக்கிடையே நேரே செல்கிறது. அதனால் அழைப்பை ஏற்படுத்திக் கொடுத்த சர்வர் நடுவில் செத்துப்போனாலும் பேச்சு நிற்பதில்லை. அந்தச் சர்வர் ஆரம்பத்திலேயே ரெக்கார்ட்-ரூட் என்னும் வரியில் தன் சொந்த முகவரியை எழுதாமல் மெய்நிகர் முகவரியை எழுதியிருந்தால், ஒருவர் பேச்சை முடிக்கும்போது அந்தச் செய்தி, இப்போது அம்முகவரியைத் தாங்கி நிற்கும் மற்றோர் இயந்திரத்தை அடைந்து, அங்கிருந்து மறுமுனைத் தொலைபேசிக்குப் போய்ச் சேர்கிறது.