அகவிலைப்படி

விலைவாசி உயர உயர ஊதியத்தின் வாங்கும் சக்தி தேய்கிறது. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட, அடிப்படை ஊதியத்தின் மீது இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுச் சேர்த்துத் தரும் தொகையே அகவிலைப்படி. பழைய தலைமுறை இதைப் பஞ்சப்படி என்றது, அலுவலகங்களில் டி.ஏ. என்பதே இன்றும் புழக்கம். ஓய்வூதியருக்குத் தரும்போது இது அகவிலை நிவாரணம் ஆகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு இருமுறை இதன் விழுக்காடு மாறும்போதெல்லாம் ‘தீபாவளிப் பரிசு’, ‘இனிப்புச் செய்தி’ என்று தலைப்புகள் வரும். இதன் வரலாற்றைப் பார்த்தால் பரிசு என்று சொல்ல ஏதும் இல்லை. ஊழியர் ஏற்கெனவே கடையில் இழந்துவிட்ட பணத்தின் ஒரு பகுதி, காலம் தாழ்ந்து, அவர் கைக்குத் திரும்புகிறது. இரக்கப்பட்டுத் தந்த படி கணக்குப் பார்த்துத் தரும் படியாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தொடக்கம் போர்க்காலங்களில். முதல் உலகப் போரின் விலையேற்றத்தில்தான் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் 50 விழுக்காடு உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். காந்தி 35 என்று நின்று உண்ணாவிரதம் இருந்தார். நடுவர் தீர்ப்பும் கடைசியில் 35 என்றே வந்தது. அரசுப் பணியில் இந்தக் கேள்வி இரண்டாம் உலகப் போரில் முற்றியது. 1940இல் ஜி.ஐ.பி. ரயில்வே ஊழியர்களுக்குப் பஞ்சப்படி தரலாமா என்று ஆராய பி.என். ராவ் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. அக்காலப் பார்வையில் இது கடைநிலை ஊழியர் பட்டினி கிடக்காமல் இருக்கத் தரும் தற்காலிக உதவி. போர் முடிந்தால் விலை இறங்கும், படியும் போய்விடும் என்பதே எதிர்பார்ப்பு. விலை இறங்கவில்லை. சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக் குழு 1947இல் குறைந்தபட்ச ஊதியத்தை 55 ரூபாயாக நிர்ணயித்தபோது, அதில் 30 ரூபாய் அடிப்படை ஊதியம், 25 ரூபாய் பஞ்சப்படி. தற்காலிகம் என்று வந்தது சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருந்தது.

1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய உணவு, துணி, வாடகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும் என்றது. ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி என்று அளவும் சொன்னது. அரசும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அளவு இது. ஆனால் 1959இல் ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக் குழு கொடுத்த குறைந்தபட்சம் 80 ரூபாய்தான். மறு ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1968 செப்டம்பர் 19 அன்று மறுபடியும் ஒரு நாள் வேலைநிறுத்தம். தேவைக்கேற்ற ஊதியமும் பஞ்சப்படியை அடிப்படை ஊதியத்தோடு இணைப்பதும் முக்கியக் கோரிக்கைகள். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பதான்கோட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டிய ஆண்டு 1974. எண்ணெய் நெருக்கடியும் பொய்த்த பருவமழையும் சேர்ந்து விலைகளை ஒரே ஆண்டில் 25 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிய காலம். மே மாதத்தில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே ஊழியர்கள் 20 நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அடுத்த சில வாரங்களில், கூடுதல் அகவிலைப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்ள அரசு சட்டம் இயற்றியது. ஊழியர் கையில் பணம் போனால் விலை மேலும் ஏறும் என்பது அரசின் வாதம். பிடித்த தொகை பின்னர் தவணைகளில் திரும்பி வந்தது என்றாலும், அகவிலைப்படியை அரசு விரும்பியபோது முடக்கலாம் என்ற முன்னுதாரணம் அன்றுதான் உறுதிப்பட்டது.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விலை ஏறினால் ஊதியம், ஊதியம் ஏறினால் விலை என்ற சுழல் உண்மையிலேயே நடந்திருக்கிறது. இத்தாலியில் ஊதியத்தை விலையோடு தானாகவே ஏற்றிய ஏற்பாடு 1984இல் வெட்டப்பட்டு, 1985இல் பொதுவாக்கெடுப்பிலும் அந்த வெட்டு நிலைத்து, 1992இல் முழுதும் கைவிடப்பட்டது. ஆனால் அங்கே அது நாட்டின் தொழிலாளர்களில் பெரும்பகுதியைத் தொட்டது. இந்தியாவில் மத்திய அரசின் அகவிலைப்படி சேருவது சுமார் 49 லட்சம் ஊழியர்களுக்கும் 69 லட்சம் ஓய்வூதியர்களுக்கும் மட்டுமே. மாநில ஊழியர்களைச் சேர்த்தாலும் நாட்டின் உழைப்பாளர்களில் இவர்கள் சிறுபான்மை. வெங்காய விலையைத் தீர்மானிப்பது மழையும் வரத்தும். தாலுகா அலுவலக எழுத்தரின் டி.ஏ. அல்ல.

இதைவிட வலுவான பதில் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. பி.என். சிங்கால் தலைமையிலான நான்காம் ஊதியக் குழு 1986இல் ஜனவரி 1, ஜூலை 1 என்று இரண்டு தேதிகளை நிலைப்படுத்தியது. பன்னிரண்டு மாதச் சராசரியை அடிப்படையாக்கியது. அப்போதும் 3,500 ரூபாய் வரை அடிப்படை ஊதியம் பெற்றவர்களுக்கு மட்டுமே விலையேற்றத்துக்கு முழு ஈடு. அதற்கு மேல் 6,000 வரை 75 விழுக்காடு, அதற்கும் மேல் 65. எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாம் குழு 1997இல்தான் எல்லா நிலையினருக்கும் நூறு விழுக்காடு ஈடு என்று பரிந்துரைத்தது. இன்றைய சூத்திரம் ஏழாம் குழுவின் காலத்தது. தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஓராண்டுச் சராசரியை எடுத்து, 2016ஐ அடிப்படையாகக் கொண்ட எண்ணைப் பழைய வரிசைக்கு மாற்ற 2.88ஆல் பெருக்கி, அதிலிருந்து 261.42ஐக் கழித்து, மீதியை 261.42ஆல் வகுத்தால் விழுக்காடு வரும். சராசரி 143.6 என்றால் பெருக்கல் 413.57, விடை 58.2. புள்ளிக்குப் பிந்தியதை விட்டுவிட்டு 58 என்று ஆணை வரும். 18,000 ரூபாய் அடிப்படை ஊதியக்காரருக்கு அது 10,440 ரூபாய். விட்டுப்போன புள்ளியில் மாதம் 36 ரூபாய் போயிற்று. அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு காலத்தில் இருக்கிறது. ஜூலை 1இன் படி முந்தைய ஜூலை முதல் ஜூன் வரையிலான சராசரி. அதாவது அந்த ஆண்டின் நடுப்புள்ளியான புத்தாண்டையொட்டிய விலைநிலை. அது செல்லுபடியாகும் காலமோ ஜூலை முதல் டிசம்பர் வரை. சராசரியாக ஒன்பது மாதம் பழைய விலைக்குத்தான் ஈடு கிடைக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றம் என்றால், நூறு விழுக்காடு ஈடு என்ற பெயரிலேயே ஏறத்தாழ நாலரை விழுக்காடு எப்போதும் பின்தங்கியிருக்கும். விலைக்கு ஒன்பது மாதம் பின்னால் வருவதை விலையேற்றத்தின் காரணம் என்பது பொருந்தவில்லை.

உண்மையான ஊதிய உயர்வு அகவிலைப்படியில் வருவதில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியக் குழு வரும்போதுதான் வருகிறது. அரசு நிதிநிலையைக் காட்டி எழுப்பும் ஆட்சேபம் செல்ல வேண்டிய இடமும் அதுதான். ஐந்தாம் குழுவின் சுமையில் பல மாநிலங்கள் திணறின என்பது மெய். தமிழ்நாட்டில் 2003இல் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்த வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் புதிய ஊதியத்தை எவ்வளவு ஏற்றுவது என்பது வேறு, ஒப்புக்கொண்ட ஊதியத்தின் மதிப்பைக் காப்பது வேறு. வரவு செலவு இடிக்கும்போது இரண்டாவதைத் தொடுவதுதான் அரசுகளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. 2021 ஜூலையில் 17 விழுக்காடு 28 ஆனது. இடைப்பட்ட 18 மாத நிலுவை வரவே இல்லை. அதனால் மத்திய அரசுக்கு மிச்சம் சுமார் 34,400 கோடி ரூபாய். விலைவாசி ஏறும்போது வரி வருவாயும் ரூபாய்க் கணக்கில் ஏறுகிறது என்பதை நிதித்துறைகள் இங்கே சொல்வதில்லை.

ஓய்வூதியருக்கு இந்தப் படி ஊழியரைவிட முக்கியம். பதவி உயர்வும் ஆண்டு உயர்வும் அவருக்குக் கிடையாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றத்தில், அசையாத ஓய்வூதியம் 12 ஆண்டுகளில் பாதி மதிப்பாகிவிடும். ஓய்வூதியம் அரசு விருப்பப்பட்டால் தரும் கொடை அல்ல என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளே இன்று ஓய்வூதியர் நாள். ஆனால் மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு வந்த புதிய திட்டத்தில் அகவிலை நிவாரணமே இல்லை. சந்தை தருவதே ஓய்வூதியம். தமிழ்நாடு 2003 ஏப்ரல் 1 முதலே பங்களிப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது. பழைய ஓய்வூதியம் கேட்டு எழுந்த இருபதாண்டுக் குரலின் மையத்தில் இருந்தவை உறுதியான தொகையும் அது விலையோடு நகர்வதும்தான். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் அகவிலை நிவாரணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழுவும் அமைந்தது.

எஞ்சுவது நியாயமான ஓர் ஆட்சேபம்: கூலிக்காரருக்கும் தனியார் ஊழியருக்கும் இல்லாத பாதுகாப்பு இவர்களுக்கு மட்டும் ஏன்? கேள்வி சரி, அதற்காக இருப்பவரிடமிருந்து பறிக்க வேண்டும் என்ற முடிவுதான் சரியில்லை. சூத்திரம் இருக்கிறது, குறியீட்டெண் மாதந்தோறும் வெளியாகிறது, கணக்குப் போட ஒரு நிமிடம் போதும். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 முடியும் வரை அது மாறவில்லை. ஏழை முதியோருக்கான தேசிய ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் மாதம் 200 ரூபாய். 2025இலும் அதே 200 ரூபாய்.