காயப்படாத நாயகன்: சூப்பர்மேனும் கிறிஸ்தவ வீரமும்

சூப்பர்மேனைக் கிறிஸ்துவின் சாயலில் காட்டும் வழக்கம் அந்தப் பாத்திரத்தோடு பிறந்ததன்று. 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவனை உருவாக்கிய ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் யூத இளைஞர்கள். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அழியப்போகும் உலகிலிருந்து பெற்றோர் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து அனுப்புவதும், அது அந்நியர் வீட்டில் வளர்வதும் நாணற்பெட்டியில் விடப்பட்ட மோசேயைத்தான் முதலில் நினைவூட்டும். அந்த முதல் கதையில் அவன் பறப்பதுகூட இல்லை, தாவுகிறான். மனைவியை அடிப்பவனைப் பிடித்து உலுக்குகிறான். குற்றம் செய்யாத பெண்ணை மின்நாற்காலியிலிருந்து மீட்கிறான். வாஷிங்டன் அரசியல்வாதியின் ஊழலைத் துருவுகிறான். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்துபோன எளிய வாசகரின் நீதிப் பசிக்கு அந்தக் கதை தீனி போட்டது.

கிறிஸ்துவின் சாயல் 1978இல் ரிச்சர்டு டானர் இயக்கிய திரைப்படத்தில் தெளிவாக ஏறியது. வானுலகத் தந்தை தன் ஒரே மகனை மனிதரின் நன்மைக்காக அனுப்பிவைக்கிறார். 2013இல் ஜாக் ஸ்னைடர் இயக்கிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ இந்தச் சாயலை ஒளிக்கவே முயலவில்லை. நாயகனுக்கு வயது 33. தன்னை எதிரியிடம் ஒப்படைப்பதா என்ற குழப்பத்தோடு அவன் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தலைக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் கெத்செமனே தோட்டத்தில் ஜெபிக்கும் இயேசு தெரிகிறார். விண்கலத்திலிருந்து வெளியேறும் கணத்தில் அவன் கைகள் சிலுவையாக விரிகின்றன. படத்தை விளம்பரப்படுத்திய வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் போதகர்களுக்கென்று பிரசங்கக் குறிப்புகளையும் வழங்கியது. இயேசுவே ஆதி சூப்பர்ஹீரோ என்பது அவற்றின் சாரம்.

இந்த ஒப்புமை பிறப்புக் கதையிலும் ஆற்றலிலும் பொருந்துகிறது. வீரம் என்ற இடத்தில் முறிந்துவிடுகிறது. அதுவோ முறியவே கூடாத இடம். இளையோர் ஒருவரை முன்மாதிரியாகக் கொள்வதே வீரத்தின் பொருட்டுத்தான்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் மனத்திடத்தின் முதன்மையான செயல் எது என்று கேட்கிறார். தாக்குவதா, தாங்குவதா? தாங்குவதே என்பது அவர் விடை. அதற்கு அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார். தாக்குகிறவர் தம்மைப் பலசாலியாகக் கருதியே தாக்குகிறார், தாங்குகிறவரோ தம்மைவிட வலியவரை எதிர்கொள்கிறார். தாக்குகிறவருக்கு ஆபத்து இனி வரப்போவது, தாங்குகிறவருக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. தாக்குதல் நொடியில் முடியலாம், தாங்குதல் நீண்டு கிடக்கும். இந்த மரபை விளக்கி ஜெர்மானிய மெய்யியலாளர் யோசப் பீப்பர் 1934இல் மனத்திடம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வீரத்தின் பெயரால் ஹிட்லர் ஆட்சி முரசறைந்துகொண்டிருந்த காலம் அது. காயப்படக்கூடியவருக்குத்தான் மனத்திடம் வாய்க்கும், தேவதூதர் காயப்பட முடியாதவர், ஆகவே தேவதூதரிடம் துணிச்சல் என்ற பண்புக்கே இடமில்லை என்று பீப்பர் அதில் வாதிட்டார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தோட்டா துளைக்காத மார்போடு துப்பாக்கி முன் நிற்பதில் வீரம் ஏதுமில்லை. சூப்பர்மேன் கதைகளை எழுதியவர்களே இதை உணர்ந்திருக்க வேண்டும். 1943இல் வானொலித் தொடரிலும் 1949இல் காமிக்ஸிலும் கிரிப்டோனைட் என்ற கல் நுழைந்தது. அவனைப் பலவீனப்படுத்த ஏதாவது இல்லாவிட்டால் கதையில் நெருக்கடியே பிறக்காது. ஆனால் அந்தப் பலவீனம் வெளியிலிருந்து வருவது. கல்லை அப்புறப்படுத்தியதும் அவன் பழையபடி எஃகு. பசி, முதுமை, நோய், மரண பயம் என்று மனிதர் கூடவே சுமக்கும் பலவீனங்கள் எவையும் அவனுடையவை ஆவதில்லை.

கிறிஸ்தவ இறையியல் இதே சிக்கலைத் தொடக்க நூற்றாண்டுகளிலேயே சந்தித்தது. கிறிஸ்து மெய்யான உடல் எடுக்கவில்லை, மனிதராகத் தோன்ற மட்டும் செய்தார், பாடுகளும் தோற்றமே என்று ஒரு சாரார் போதித்தார்கள். தோற்றக் கொள்கை எனப்படும் டொசெட்டிசம் இதுதான். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டு விலங்குகளுக்கு இரையாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோகியா ஆயர் இக்னேசியஸ், வழியில் எழுதிய கடிதங்களில் இதைக் கடுமையாக மறுத்தார். கிறிஸ்து பாடுபட்டது வெறும் தோற்றமென்றால் தாம் விலங்கிடப்பட்டிருப்பது எதற்காக என்பது அவர் கேள்வி. சாகப்போகும் ஒருவருக்குக் கொள்கைத் தகராறு எதற்கு என்று எண்ணத் தோன்றலாம். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. தலைவர் மெய்யாகவே நொந்திருந்தால்தான் சீடரின் நோவுக்குப் பொருள் உண்டு. கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451இல் கல்சிதோன் சங்கம் வகுத்த அறிக்கைக்குப் பின்னாலும் இந்தக் கவலை இருக்கிறது.

கிளார்க் கென்ட் சூப்பர்மேனின் வேடம். கண்ணாடி, தடுமாற்றம், கூச்சம் எல்லாமே அவன் பூண்டுகொண்டவை. சட்டையைத் திறந்தால் அடியில் மெய்யான ஆள் நிற்கிறான். இயேசுவே ஆதி சூப்பர்ஹீரோ என்று மேடையேறிப் பிரசங்கிப்பவர், தமக்குத் தெரியாமலே, சபை எப்போதோ தள்ளிவிட்ட கொள்கையைத் திரும்ப உள்ளே அழைத்துவருகிறார். நாசரேத்தின் தச்சர் எவருடைய வேடமும் அல்லர்.

ஆற்றலைப் பயன்படுத்தும் விதத்திலும் இரண்டு கதைகளும் எதிரெதிர்த் திசைகளில் போகின்றன. வனாந்தரச் சோதனையில் கல்லை அப்பமாக்கும்படியும், தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படியும், உலகின் ராஜ்யங்களை ஏற்கும்படியும் பிசாசு இயேசுவைத் தூண்டுகிறான். எந்த சூப்பர்ஹீரோவும் தயங்காமல் செய்யக்கூடியவை இவை. இயேசு மறுக்கிறார். கெத்செமனேயில் சீடர் வாள் எடுத்தபோது, பன்னிரண்டு லேகியோனுக்கு மேற்பட்ட தூதர்களைப் பிதாவிடம் கேட்டுப் பெற முடியும் என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் விடுகிறார். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ அதே கெத்செமனேயைச் சன்னலில் வரைந்துவைத்தது. கதை அடுத்த ஒரு மணி நேரத்தில் எட்டிய முடிவோ வேறு. மெட்ரோபொலிஸ் நகரத்தின் கட்டடங்கள் சரிகின்றன. இறுதியில் ஒரு குடும்பத்தைக் காக்க நாயகன் எதிரி ஜாடின் கழுத்தை முறிக்கிறான். அவன் அலறி அழுவதை இயக்குநர் காட்டுவது நேர்மையான செயல். ஆனாலும் உலகம் மீட்கப்படுவது கழுத்து முறிந்ததால்தான். நன்மைக்காகச் செய்யப்படும் வன்முறையே உலகை மீட்கும் என்ற இந்த நம்பிக்கையை அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் ஒரு தொன்மமாக இனங்கண்டு, பாபிலோனியப் படைப்புக் கதை வரை அதன் வேரைத் தேடிச் சென்றார். காமிக்ஸும் கேலிச்சித்திரப் படங்களும் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது அந்தத் தொன்மத்தையே என்ற அவர் கணிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆதி சபை தனக்கென்று நாயகரைத் தேடியபோது இரத்தசாட்சிகளைக் கண்டது. சபையின் வழக்கு இடம் கொடுத்தால் இவர்களையே நம் வீரர்கள் என்று அழைக்கலாமே என்று அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலின் 10ஆம் புத்தகத்தில் எழுதுகிறார். ஆனால் சாவைத் தேடி ஓடுவதைச் சபை வீரமாகக் கொள்ளவில்லை. 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில் ஆயர் பாலிகார்ப் கொல்லப்பட்ட வரலாற்றில் குவின்டஸ் என்ற பிரிகியா நாட்டவர் வருகிறார். தாமாகவே முன்வந்து அதிகாரிகளிடம் நின்றவர், மற்றவர்களையும் தூண்டியவர். விலங்குகளைக் கண்டதும் நடுங்கி ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். முதியவரான பாலிகார்ப்போ நண்பர்கள் வற்புறுத்தியதால் ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் ஒதுங்கியிருந்தார். பிடிக்க வந்தவர்களுக்கு உணவு கொடுக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்கச் சற்று நேரம் கேட்டார். அந்த வரலாற்றை எழுதியவர் பாலிகார்ப்பின் பக்கம் நிற்கிறார். தாமாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களைப் புகழ்வதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்.

தாங்குதல் என்ற சொல் செயலற்றுக் கிடப்பதாக ஒலிக்கக்கூடும். 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் முகாமில் நடந்தது அந்த எண்ணத்தைத் திருத்தும். கைதி ஒருவர் தப்பியதாகக் கருதி, பதிலுக்குப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்கு அதிகாரி பொறுக்கினார். அவர்களில் ஒருவரான பிரான்சிஷெக் கயோவ்னிச்செக் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். அவருக்குப் பதிலாகத் தாம் போவதாக வரிசையிலிருந்து வெளியே வந்தவர் மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டு பிரான்சிஸ்கன் குரு, 47 வயது, முன்பே காசநோயால் நலிந்த உடல். 11ஆம் பிளாக்கின் நிலவறையில் மற்ற ஒன்பது பேரோடு ஜெபித்தும் பாடியும் இரண்டு வாரங்கள் உயிரோடிருந்தார். ஆகஸ்ட் 14 அன்று பீனால் ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். முகாமின் சுவர் இடியவில்லை. மற்ற ஒன்பது பேரும் பிழைக்கவில்லை. பிழைத்தது ஒரே உயிர். கயோவ்னிச்செக் 1995 வரை வாழ்ந்தார். 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது அங்கே இருந்தார். சூப்பர்ஹீரோ கதையின் கணக்கில் இது தோல்வியாகவே பதிவாகும்.

வேதாகமத்திலேயே அதிபலசாலி இல்லையா என்ற கேள்வி எழுவது நியாயம். சிங்கத்தைக் கையால் கிழித்தவன், நகரவாசலின் கதவுகளைப் பெயர்த்துத் தோளில் சுமந்தவன் சிம்சோன். நியாயாதிபதிகள் புத்தகம் அவன் பலத்தை மறைக்கவில்லை. அந்தப் பலத்தை ஆளத் தெரியாமல் அவன் சீரழிந்ததையும் மறைக்கவில்லை. எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் அவனை ராகாப், யெப்தா, தாவீது ஆகியோரோடு விசுவாச வீரர் வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசையில் மாசற்றவர் என்று ஒருவரைத் தேடிப்பிடிப்பது கடினம். பலவீனத்தில் பலங்கொண்டவர்கள் என்றே அந்த அதிகாரம் அவர்களைச் சிறப்பிக்கிறது. சிலுவைப்போர் வீரரையும் வாளேந்திய புனிதரையும் பிற்காலக் கிறிஸ்தவ நாடுகள் கொண்டாடியது உண்மை. அந்தக் கொண்டாட்டம் இந்த அதிகாரத்திலிருந்து வழுவியது என்பதும் உண்மை.

இதனால் சூப்பர்ஹீரோ கதைகளை விலக்க வேண்டும் என்றாகாது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் சில கத்தோலிக்கப் பள்ளிகளில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அது பயத்தில் விளைந்த செயல். 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியு காட்டிய வழி மேலானது. கிரேக்க இலக்கியத்தைப் படிப்பது பற்றி இளைஞருக்கு எழுதிய உரையில் அவர் ஹெராக்ளிஸின் கதையையே எடுத்துச் சொல்கிறார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காராமல், உட்கார்ந்த பூவிலும் வேண்டியதை மட்டும் எடுப்பதுபோல் படிக்கச் சொல்கிறார். அவ்வாறு தேடினால் அகப்படுவதும் உண்டு. 1964இல் தோன்றிய டேர்டெவில் பார்வையற்ற கத்தோலிக்க வழக்கறிஞர். 2015இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், இனிச் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்கிறார். தன் வன்முறையைப் புண்ணியமாக எண்ண மறுக்கும் நாயகன் அபூர்வம். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இன்னும் ஆழம் போகிறது. எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான்; அழிக்க வந்த மோதிரத்தை எறிய மனமில்லாமல் தனதாக்கிக்கொள்கிறான். கோலம் என்ற இழிந்த உயிருக்கு முன்பு காட்டிய இரக்கமே கடைசியில் அவனைக் காப்பாற்றுகிறது.

வாளில்லாத நாயகனைக் காப்பியத்தின் நடுவில் நிறுத்தும் துணிவு தமிழுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய ‘தேம்பாவணி’யின் பாட்டுடைத் தலைவர் வளன், அதாவது இயேசுவை வளர்த்த யோசேப்பு. 3,615 பாடல்கள் கொண்ட அந்நூலின் உட்கதைகளில் பழைய ஏற்பாட்டுப் போர்கள் முழங்குகின்றன. நாயகரோ உளி பிடிப்பவர். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் அறிந்ததும் இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்குக் கூட்டிப்போகிறார். திரும்பி வரும்போது யூதேயாவில் அர்கெலாயு ஆள்வதைக் கேட்டு அங்கே போகப் பயந்தார் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார். கனவில் எச்சரிக்கப்பட்டு அவர் கலிலேயாவின் பக்கம் திரும்பி, நாசரேத்தூரில் குடியேறினார்.