முதிர்ந்த புல்டோசரின் பராமரிப்பு

மண்ணைத் தள்ளிச் சமன் செய்யவும் இறுகிய நிலத்தைக் கிளறவும் பயன்படுவதும், சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புச் செயின்களின்மேல் ஊர்ந்து செல்வதுமான கனரக வண்டியே புல்டோசர். இவ்வண்டியின் பிராயத்தை ஆண்டுகளைக் கொண்டு கணிப்பது பொருந்தாது. ஒரே வருஷத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு வண்டிகளுள், வண்டல் நிலத்தில் கரை போட்டுக்கொண்டிருந்தது திடமாக நிற்க, ஈரமணலில் உழைத்தது செயினும் ரோலரும் கரைந்து பட்டறைக்கு வந்து சேர்வதைத் தொழிலறிந்தவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். இதன் அவயவங்கள் பலவற்றுக்கும், ஒரு பக்கம் தேய்ந்தபின் திருப்பிப் பூட்டத்தக்க மறுபக்கம் ஒன்றை அமைத்தவர்களே வைத்திருக்கிறார்கள் என்பதும், அப்படித் திருப்புவதற்குரிய பருவம் தவறிவிட்டால் அந்த மறுபக்கமும் வீணாகிவிடும் என்பதும் இவ்வண்டியைப் பேணுவோர் முதன்முதலில் அறியவேண்டியவை.

செயின்மேல் ஊரும் டிராக்டரை அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-ஆம் ஆண்டு நவம்பரில் ஓட்டிப் பரீட்சித்தார். டிராக்டரின் முகப்பில் மண் தள்ளும் பிளேடைப் பொருத்தும் அமைப்பைக் கான்சாஸ் மாநிலத்து மாரோவில் என்னும் சிற்றூரில், கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மெக்லியோட் என்ற வரைவாளரும் 1923-இல் உருவாக்கினர். இந்தியாவில், 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், ஜப்பானின் கொமாட்ஸு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் புல்டோசர்களைத் தயாரித்தது. அவை உருவாகும் தொழிற்சாலை கோலார் தங்கவயலில் உள்ளது. 1957-இல் சுரங்கவேலை தொடங்கிய நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை மூடியிருக்கும் கடலூர் மணற்கல், இரும்பை அரம்போல் அராவும் சுபாவம் உடையது. அத்தகைய நிலத்தில் தேய்மானம் எத்தனை விரைவு என்பதை அங்கே பணியாற்றுவோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

செயின், ரோலர், முன்னே செயினை வழிநடத்தும் சக்கரமான ஐட்லர், செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஆகியவை அடங்கிய அடிப்பாகமே பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும் என்பது தொழிலில் நெடுங்காலமாக நிலைபெற்ற கணக்கு. செயினின் கண்ணிகளை இணைப்பது பின். அந்தப் பின்னைச் சூழ்ந்திருக்கும் எஃகுக் குழல் புஷ். ஸ்ப்ராக்கெட்டின் பல் புஷ்ஷின்மீது பதிந்து தள்ளுவதனாலேயே வண்டி நகர்கிறது. பல் படுகிற பக்கத்தில் புஷ் வெளிப்புறம் தேய்கிறது. உள்ளே பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று ஒரே பக்கத்தில் அராவுவதால் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி பிறந்து, செயின் முழுவதுமே நீண்டுபோகிறது. நீண்ட செயினின் புஷ் பல்லிடுக்கில் சரியாக அமராமல் பல்லின் நுனியை நோக்கி ஏறும். அப்பொழுது ஸ்ப்ராக்கெட்டும் கூர்முனையாகத் தேயத் தொடங்கும். இந்நிலை வருமுன் செயினைக் கழற்றி, நூறு டன்னுக்குக் குறையாத அழுத்தமுடைய பிரஸ்ஸில் பின்னையும் புஷ்ஷையும் வெளியே தள்ளி, அரைவட்டம் திருப்பி மீண்டும் பூட்டினால், தேயாத முகம் பல்லுக்கு எதிரே வந்து நிற்கிறது. நீண்ட செயினும் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

திருப்பும் பருவத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து நிச்சயிக்க இயலாது. மெக்கானிக் ஸ்ப்ராக்கெட்டின் பல்லிடுக்கில் பழைய பின் ஒன்றைச் செருகி, வண்டியைச் சற்றே பின்னுக்கு நகர்த்தச் சொல்லி, மேற்செயின் விறைத்து நின்றதும் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டச் செய்தபின், ஒரு பின்னின் ஓரத்திலிருந்து நான்கு கண்ணிகளுக்கு அப்பால் உள்ள பின்னின் அதே பக்கத்து ஓரம் வரையில் டேப்பைப் பிடித்து அளக்கிறார். புஷ்ஷின் வெளிவிட்டத்தைக் காலிப்பரால் இரண்டு மூன்று இடங்களில் பிடித்துப் பார்த்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எழுதுகிறார். இவ்விரண்டு எண்களையும் தயாரிப்பாளரின் தேய்மான அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்னும் எத்தனை மணிநேரம் மீந்திருக்கிறது என்பது தெரியும். அரைமணிக்கும் குறைவான இவ்வேலையைத் தள்ளிப்போட்டு, புஷ் மெலிந்து வெடித்தபின் பட்டறையைத் தேடுவது, மிகப் பெரிய நஷ்டத்தை நாமே வரவழைத்துக்கொள்வதாகும். வெடித்த புஷ்ஷைத் திருப்புவதால் ஒரு பயனும் இல்லை.

மூட்டுகளுக்குள்ளேயே ஆயில் அடைக்கப்பெற்ற பிற்காலச் செயின்களில் உட்தேய்மானம் மிகக் குறைவு. ஆயினும் சீல் கெட்டு ஆயில் கசிந்த மூட்டு, உலர்ந்தபடியே உராய்ந்து சூடேறும். ஷிப்டு முடிந்து வண்டி நின்ற மாத்திரத்தில், ஒவ்வொரு மூட்டின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பார்த்தால், சுற்றிலும் வெதுவெதுப்பாக இருக்கும் மூட்டுகளுக்கிடையே ஒன்று மட்டும் அனலாய் வீசும். அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்தால் மறுநாள் பட்டறையில் தேடவேண்டியதில்லை.

செயினின் இறுக்கம் பற்றி ஒரு தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. விறைப்பான செயின் கழலாது என்று எண்ணி இறுக்குபவர்கள், புஷ், பல், ஐட்லர் ஆகிய அனைத்தின்மேலும் ஓயாத பளுவை ஏற்றிவிடுகிறார்கள். மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே, நேரான கட்டை ஒன்றைச் செயினின்மேல் கிடத்தி, தொய்வை அளந்து, அந்த மாடலின் கைந்நூல் கூறும் அளவுக்குக் கொண்டுவருதலே முறை. சேற்றில் உழைக்கும் வண்டிக்குச் சேறு அப்பிய நிலையிலேயே தொய்வை வைக்கவேண்டும்; கழுவியபின் வைத்தால், மறுபடி சேறு ஏறியதும் செயின் வில்லின் நாண்போல் விறைத்துவிடும். செயினை இறுக்கும் சிலிண்டருக்குள் கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றினால் ஐட்லர் முன்னே நகர்ந்து செயின் இறுகும். தளர்த்தும்போது அந்தச் சிலிண்டரின் வால்வை ஒரு சுற்றுக்குமேல் திறப்பது உயிருக்கே அபாயம், ஏனெனில் உள்ளே அடைபட்ட கிரீஸ் துப்பாக்கிக் குண்டின் வேகத்தோடு வெளியே பாயக்கூடும்.

ஆபரேட்டரின் பழக்கமும் பராமரிப்பில் அடங்கும். பின்னோக்கிச் செல்கையில் புஷ் பளுவோடு பல்லின்மேல் உராய்ந்து சுழல்கிறது. ஆகையால் மண்ணைத் தள்ளிவிட்டு வெறும் வண்டியைப் பின்னால் விரைந்து ஓட்டுவதே புஷ்ஷை அதிகம் தேய்க்கும் காரியம். எப்பொழுதும் ஒரே பக்கமாகத் திரும்புவதும் ஒருபக்கச் செயினையே தின்றுவிடும். இவ்விரண்டையும் தவிர்க்கும் நிதானமான ஆபரேட்டர், உடைமையாளருக்குக் கிடைத்த பெரும் செல்வம் என்றே சொல்லலாம்.

என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் தூசியே. பில்டரைத் தாண்டி உட்புகும் மென்தூசி, பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் மெருகிடுவதுபோல் தேய்த்து, சில வாரங்களிலேயே புகையையும் ஆயில் செலவையும் உண்டாக்கிவிடும். பில்டரைத் தரையில் தட்டிச் சுத்தம் செய்வது பல இடங்களில் காணும் வழக்கம். தட்டினால் தாள்மடிப்பு கிழியும். உள்ளிருந்து வெளிநோக்கி மெல்லிய காற்றைச் செலுத்தியபின், இருட்டான இடத்தில் பில்டருக்குள் ஒரு விளக்கை இறக்கிப் பார்க்கவேண்டும். ஊசிமுனைபோல் ஒளி எங்கேனும் தெரிந்தால் அந்த பில்டரை உடனே அகற்றவேண்டும்.

ஆயிலை மாற்றுகையில் ஒரு சிறு சீசாவில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல், முதிர்ந்த வண்டிக்கு நாடி பார்ப்பதற்கு ஒப்பானது. அமெரிக்க ரயில்வே ஒன்று 1940-களில் தன் டீசல் என்ஜின்களுக்குக் கையாளத் தொடங்கிய இம்முறையில், சிலிக்கன் மிகுந்தால் தூசி புகுந்தது என்றும், செம்பு மிகுந்தால் பேரிங் தேய்கிறது என்றும், சோடியம் தென்பட்டால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கலாம் என்றும் ஊகிக்கலாம். ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அடுத்தடுத்த சோதனைகளில் எண்கள் ஏறிவரும் போக்கையே கவனிக்கவேண்டும். ஸ்ப்ராக்கெட்டை அடுத்த பைனல் டிரைவின் காந்த பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது நலம்: விரலில் மைபோல் ஒட்டும் மென்துகள் இயல்பானது, நகத்தில் சிக்கும் செதில் கியர் உதிர்வதன் லட்சணம்.

பிளேடின் அடியில் போல்ட்டால் பூட்டப்பெற்ற வெட்டுப்பட்டையும் திருப்பத்தக்கதே. கீழ்விளிம்பு தேய்ந்து பிளேடின் உடலை நெருங்குமுன் அதைத் தலைகீழாக மாற்றவேண்டும். சில நாள் தாமதித்தாலும் பிளேடே தேய்ந்து, பட்டையைப் பூட்ட இடமில்லாமற் போகும். தேய்மானம் மிகுந்த இடத்து அடி ரோலரைத் தேய்மானம் குறைந்த இடத்துக்கு மாற்றலாம். ஒருபக்கம் பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை, அமைப்பு இடங்கொடுத்தால், வலமிடமாக மாற்றிப் பூட்டலாம். தள்ளுகரங்களிலும் சட்டத்திலும் தோன்றும் விரிசலைச் சுத்தம் செய்து, சாயத் திரவம் தடவி, அதன் முனை எங்கே முடிகிறது என்று கண்டபின்பே வெல்டிங் வைக்கவேண்டும். வெல்டிங்கின் எர்த்தைத் தூரத்தில் கொடுத்தால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி அதைக் கெடுக்கும்.

பிரதான சட்டத்தில் விரிசல் மீண்டும் மீண்டும் திறந்துகொள்ளும் வண்டி, தானாக உழைக்கும் நிலையைக் கடந்துவிட்டது. அதன் பைனல் டிரைவும், ஹைட்ராலிக் சிலிண்டர்களும், இன்னும் திருப்பப்படாத புஷ்களும் தேய்மான அளவு எழுதப்பட்ட சீட்டோடு பிரிக்கப்பெற்று, அதே மாடலைச் சேர்ந்த மற்றொரு வண்டிக்காகக் கூரையின்கீழ் கிரீஸ் தடவி வைக்கப்படுகின்றன.