சர்ஜனை விழுங்கலாம் வாங்க!

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது. ஹீமோகுளோபின் 7. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி, கீழ் வழியாக கொலனோஸ்கோப்பி, இரண்டிலும் ஒன்றும் சிக்கவில்லை. நடுவில் கிடக்கும் சிறுகுடல்தான் பாக்கி. அதைப் பார்க்க கேமரா வைத்த கேப்சூல் ஒன்றை விழுங்கச் சொன்னார் டாக்டர். அப்பா கோயமுத்தூரில் முப்பது வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். கேப்சூலை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, இதுல மோட்டார் எங்க இருக்குது?"

"உள்ளதாங்ப்பா இருக்கும்" என்று அடித்துவிட்டேன். பி.இ. படித்துவிட்டு தெரியாதுன்னு சொல்ல முடியுமா? :-)

தப்பு. அதில் மோட்டாரே கிடையாது. ஏன் என்று தேடப்போய் கிடைத்த கதைதான் இது.

1959 டிசம்பர் 29. அமெரிக்காவில் பாசடேனாவில் இயற்பியலாளர்கள் கூட்டம். கால்டெக் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபைன்மன் பேசுகிறார். எதையும் எவ்வளவு சின்னதாகச் செய்ய முடியும் என்பதுதான் பேச்சு. அதில் தன் நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் சொன்னதாக ஒரு யோசனை: ரத்தக் குழாய்க்குள் ஒரு குட்டி இயந்திர சர்ஜனை அனுப்பினால், அது இதயத்துக்குள் போய், கெட்டுப்போன வால்வைத் தேடி, சின்னக் கத்தியால் வெட்டிச் சரிசெய்துவிடும். நோயாளி சர்ஜனை விழுங்கினால் போதும்!

பேச்சின் முடிவில் ஒரு பரிசு அறிவித்தார். ஒரு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர் கனசதுரத்துக்குள் ஓடுகிற மின் மோட்டார் செய்பவருக்கு ஆயிரம் டாலர். புதுத் தயாரிப்பு முறை ஒன்றைக் கண்டுபிடிக்காமல் இது முடியாது என்பது அவர் கணக்கு.

1960 நவம்பரில் வில்லியம் மெக்லெலன் என்ற இன்ஜினியர் பெரிய பெட்டியோடு வந்தார். வழக்கமாக வரும் கிறுக்கர்களில் ஒருவர் என்றுதான் ஃபைன்மன் நினைத்தாராம். பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப் வெளியே வந்ததும் முகம் மாறிவிட்டது. 13 பாகங்கள், 250 மைக்ரோகிராம் எடை, நிமிஷத்துக்கு 2000 சுற்று. எல்லாம் பழைய கருவிகளோடு, பொறுமையாக, கையாலேயே செய்தது!

நம்ம தொழிலில் தினமும் நடப்பதுதான். க்ளையன்ட் எழுதிக் கொடுத்த ரிக்வயர்மென்டை அப்படியே செய்து கொடுத்துவிட்டோம், ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை. ஃபைன்மன் சொன்னபடி காசைக் கொடுத்துவிட்டார். புது முறை மட்டும் வரவில்லை.

அந்த மோட்டாரை இன்னும் சுருக்கி உடம்புக்குள் விட்டிருந்தால்? 1976-ல் எட்வர்ட் பர்செல் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் ஒரு உரையில் அங்கே இருக்கும் சிக்கலை விளக்கினார். பாக்டீரியா அளவுக்குப் போனால் தண்ணீர் பாகு மாதிரி ஆகிவிடும். உந்துவதை நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுவிடும், ஒரு அணுவின் அகலம்கூட நகராது. சிப்பி மாதிரி திறந்து மூடி நீந்தப் பார்த்தால், முன்னால் போன தூரம் அத்தனையும் பின்னால் வரும். பாக்டீரியா அதனால்தான் திருகு மாதிரி வாலைச் சுழற்றுகிறது. பெரிய மெஷினைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது.

கடைசியில் குடலுக்குள் போனது எது? 1981-ல் பாஸ்டனில் தங்கியிருந்த கேவ்ரியல் இட்டான் என்ற இஸ்ரேலிய இன்ஜினியர், ஏவுகணைக்குக் கேமரா செய்தவர். பக்கத்து வீட்டுக்காரர் குடல் நோய் டாக்டர். சிறுகுடலைப் பார்க்க முடியவில்லை என்று அவர் புலம்பியதில் பிறந்த யோசனைதான் இந்த கேப்சூல். ஆனால் அன்றைய கேமரா சிப் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். 1990களில் ஹிப்ஸ் வேலை பார்த்த அதே ஜேபிஎல் ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு உருவாக்கிய சீமாஸ் வகை சிப் வந்த பிறகுதான் வழி திறந்தது. 2001-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நீளம் 26 மி.மீ., நொடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். தள்ளிக்கொண்டு போவது? நாம் தின்ற இட்லியைத் தள்ளுகிற அதே குடல்தான்!

பின்னால் வந்தவர்களும் மோட்டாரை வெளியேதான் வைத்தார்கள். 2007-ல் மாண்ட்ரியலில் சில்வைன் மார்டெல் குழு, உயிருள்ள பன்றியின் கழுத்துத் தமனியில் 1.5 மி.மீ. இரும்புக் குண்டை எம்ஆர்ஐ மெஷினின் காந்தத்தால் ஓட்டிக் காட்டியது. சூரிச்சில் பிராட்லி நெல்சன் குழு பாக்டீரியா வால் மாதிரியே நுண்திருகு செய்து, வெளியிலிருந்து காந்தப் புலத்தால் சுழற்றியது.

அப்பாவின் படங்களில் ஒரு இடத்தில் ரத்தம் கசிவது தெரிந்தது. கேப்சூல் பார்த்தது, அவ்வளவுதான். அடைக்க, பலூன் வைத்த நீளமான எண்டோஸ்கோப்போடு டாக்டர்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அப்பா விழுங்கியது சர்ஜனை இல்லை, அவர் கண்ணை மட்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மெக்லெலன் மோட்டார் படத்தைக் காட்டி, அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்ன லோடு இழுக்கும்?"

"ஒண்ணும் இழுக்காதுங்ப்பா. சும்மா சுத்தும்."

"சும்மா சுத்துறதுக்கே இவ்வளவு வேலை பார்த்திருக்கானா! கெட்டிக்காரன்" என்றார். ஹீமோகுளோபின் இப்போது 12.