கொழும்புச் சைவக்கடைகளும் நம்மவரும்

புலம்பெயர் நாடுகளிலிருந்து ஆடி, ஆவணி மாதங்களில் கொழும்புக்கு வரும் நம்மவர்கள், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினாலும், ஒருவேளையாவது வெளியே சென்று உண்ணாமல் திரும்புவதில்லை. காலி வீதியிலும் கடலோர மரைன் டிரைவிலும் தோசைக்கும் யாழ்ப்பாணத்துக் கூழுக்கும் குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பதைக் காண்கிறேன். மகிழ்ச்சியான காட்சிதான். ஆயினும் இந்நகரில் தமிழரின் உணவகம் உல்லாசத்துக்காகத் தோன்றியதன்று. வீடில்லாதவனின் அடுக்களையாகத் தோன்றியது.

ஆங்கிலேயர் காலந்தொட்டு அரசாங்க எழுதுவினைஞராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் தலைநகருக்கு வந்த வடக்கு, கிழக்கு இளைஞர் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்தனர். பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொண்ட வீடு ‘சம்மரி’ எனப்பட்டது. சமையல் தெரியாத சம்மரிவாசிகளுக்குச் சோறு போட்டவை சைவக்கடைகளே. பம்பலப்பிட்டியின் சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் ஆகிய பெயர்களை மூத்த தலைமுறை மறக்காது. மேசையில் வடைத் தட்டை வைத்துவிட்டு, உண்டதற்கு மட்டும் காசு வாங்குவர். கை துடைக்கப் பழைய பத்திரிகைத் துண்டுகள் இருக்கும். நாங்கள் இரவிரவாகக் கண்விழித்து எழுதியவற்றின் இறுதிப் பயன் அதுவே!

இக்கடைகளின் அடுப்படியில் வெந்தவர்கள் தமிழ்நாட்டுச் சமையற்காரரும் மலையக இளைஞருமே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அவர்களுள் பலரது வாழ்வைக் கேள்விக்குறியாக்கின. நமக்குப் பரிமாறிய கைகளின் கதையை நாம் அதிகம் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் நிலைமை அதுதான். கொழும்புக் கடையின் நெரிசலிலோ, பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்று விசாரிக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை என மூத்தோர் கூறுவர்.

1983 யூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்முறை மறுநாள் வெள்ளவத்தைக்கும் பரவியது. தமிழரின் வீடுகளோடு கடைகளும் உணவகங்களும் எரிந்தன. முதல் நாள்வரை பிறருக்குச் சோறு போட்டவர்கள் அகதி முகாம்களில் உணவுப் பொதிக்காக வரிசையில் நின்றனர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். சிலர் திரும்பி வந்து மீண்டும் அடுப்பு மூட்டினர்.

தொண்ணூறுகளில் பத்திரிகைப் பணிக்கு வந்த நான், இரவுப் பணி முடிந்து கொட்டாஞ்சேனைக் கடைகளில் உண்பதுண்டு. அங்கு என்னோடு உண்டவர்களில் பெரும்பாலோர் லொட்ஜ்வாசிகள். கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்காகவும் காத்திருந்தவர்கள். இடியப்பத்தை எண்ணி வாங்குவார்கள். சட்டைப்பையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கின்றனவா என்று இடைக்கிடை தொட்டுப் பார்ப்பார்கள். 2007 யூன் 7 அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான பகுதிகளின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட குற்றம். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது.

இன்று குளிரூட்டப்பட்ட உணவகங்களில் வரிசையில் நிற்கும் குடும்பங்களிற் பல, அந்த லொட்ஜுகளின் வழியாக வெளியேறியவர்களின் குடும்பங்களே. சம்மரியையும் சைவக்கடையையும் யூலைத் தீயையும் கண்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கடை முதலாளிகளோ பரிசாரகர்களோ தம் வரலாற்றை எழுதி வைப்பவர்கள் அல்லர். அடுத்த முறை வெள்ளவத்தையில் உண்ணப் போகும்போது, மேசையிலிருக்கும் பெரியவரிடம், “அந்த யூலையில் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.